காபூல் மாதுளையும் என் ஓரகத்தியின் பாலும்

என் மகன் சுந்தரத்துக்கு நோய் வந்தபோது அதை நோய் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எட்டு மாதப் பிள்ளை. நான் தூக்கினால் வீல் என்று அலறினான். என் ஓரகத்தி குப்பம்மாள் (என் கணவரின் அண்ணன் மனைவி) தூக்கினால் கொஞ்சம் முனகிவிட்டு அடங்கிப்போனான்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விட்டிருப்பேன். ஒரு வாரம் இதே கதை. நான் தொட்டால் அழுகை, அவள் தொட்டால் அமைதி. ஆம்பூரில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே கூடம், ஒரே அடுப்பு. பார்க்காமல் இருக்க வழியில்லை.

டின் பால் கொடுத்துப் பிள்ளை வளர்க்கிற அம்மாமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடிப்பதற்குள் என்னைப் பொறாமை பிடித்தவள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். சரியாகத்தான் கட்டுவீர்கள். அதை மறைத்துவிட்டு இந்த நோயைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

எனக்கும் குப்பம்மாளுக்கும் இரண்டு மாத இடைவெளியில் பிள்ளை பிறந்தது. அவள் மகன் ஏழுமலை மூத்தவன். சுந்தரம் பிறந்த மூன்றாம் வாரம் என் மார்பில் பால் கட்டிக்கொண்டு, சீழ் வைத்து, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் வந்து கீறிவிட்டார். புண் ஆறியது. பால் வற்றிவிட்டது. வெந்தயக் கஞ்சி, பூண்டு, சுறாப்புட்டு என்று ஊரார் சொன்னதையெல்லாம் தின்றேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்போது குப்பம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"லோகு, இன்னாத்துக்கு நீ இப்படி அழுவுற? எனக்குத்தான் பால் தாராளமா இருக்குதே. ரெண்டு பேருக்கும் நானே குடுக்கறேன். அவன் யாரு, எம் புள்ளதானே?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என் நெஞ்சில் தைத்தது. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அது நல்லதாகக் கேட்கவில்லை. ஏற்கெனவே இந்த வீட்டில் அவள்தான் மூத்த மருமகள், அவள் கைச் சாப்பாடுதான் எல்லாருக்கும் ருசி. பிள்ளையையும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது?

"வேணாங்கா. எம் புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து சீமைப் பால் டின் வாங்கிவந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் கெட்டிப்பாலைக் கரைத்து, பாலாடையால் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டினேன். எல்லாவற்றையும் கொதிக்கவைக்க வேண்டும் என்று டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். பாலாடையைக் கொதிக்கவைத்தேன், துணியைக் கொதிக்கவைத்தேன். சுந்தரம் மளமளவென்று கொழுத்தான். தொடையில் மூன்று மடிப்பு. பார்க்கிறவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஏழுமலை அவன் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தான். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவே கூடாது. காலி டின்களைத் தெருவில் போடாமல் அடுப்பங்கரை மாடத்தில் வரிசையாக அடுக்கிவைத்தேன். அவள் பார்க்கட்டும் என்றுதான்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. ஏழுமலை சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். சுந்தரம் தவழ்வதையே நிறுத்திவிட்டான். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தவளை மாதிரி மடக்கி அகட்டி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். துணி மாற்றக் காலைத் தூக்கினால் அலறல். குப்பம்மாள் தூக்கும்போது முதுகுக்கு அடியில் முழங்கை வரைக்கும் கொடுத்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி அள்ளுவாள். கால் தொங்காது, அசையாது. அதனால்தான் அவளிடம் அவன் அழவில்லை. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்குப் பட்டதெல்லாம் அவள் கண்பட்டுவிட்டது என்பதுதான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை. பார்த்தாயா, அவள் கண்ணேதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் பட்டைக்குழி மேஸ்திரி. ஆவாரம்பட்டையை ஊறவைத்த குழிகளில் தோலை இறக்கி ஏற்றுகிற வேலை. கண்ணை நம்பமாட்டார், விரலைத்தான் நம்புவார். ஒரு தோலைக் கிள்ளிப்பார்த்து அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவார். சுந்தரத்தின் தொடையையும் அப்படித்தான் கிள்ளிப்பார்த்தார். பிள்ளை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

"சுண்ணாம்புக் குழியில ஊறுன தோலு மாதிரி பொதபொதன்னு கெடக்குது லோகு. வீங்கிக்கினு, பலமே இல்லாம. இதுக்குப் பட்டைத்தண்ணிதான். பட்டையில போட்டா எந்தத் தோலும் இறுகிடும்."

வேறு ஊரில் இப்படி ஒரு வைத்தியம் யாருக்கும் தோன்றியிருக்காது. எங்கள் ஊரில் தோன்றியது மட்டுமல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். நாற்பது வருஷமாக மாட்டுத்தோலை இறுக்குகிற தண்ணீர் ஒரு பிள்ளையின் காலை இறுக்காதா? தினமும் சாயங்காலம் புதுப் பட்டைத்தண்ணீரை ஒரு தோண்டியில் கொண்டுவந்தார். வெதுவெதுப்பாகச் சூடாக்கி, சுந்தரத்தை இடுப்புவரை அதில் உட்காரவைத்து, காலை நீவி நீட்டிவிட்டோம். நான் பிடித்துக்கொண்டேன், அவர் நீவினார். அவன் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. ஒன்பது நாள் அப்படிச் செய்தோம். அவன் கால் இரண்டும் செம்மண் நிறமாகிவிட்டன. இறுகவில்லை.

பத்தாம் நாள் தண்ணீரைக் கொண்டுவந்தபோது குப்பம்மாள் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"அய்ய, அந்தப் புள்ளைய இன்னா பாடு படுத்துறீங்க! அது தோலு இல்லப்பா, புள்ள! வாயத் தொறந்து பாத்தீங்களா? ஈறெல்லாம் கருநாவப்பழம் மாதிரி இருக்குது. வேலூருக்குத் தூக்கிக்கினு போங்க."

அவள் சொல்லித்தான் நான் அவன் வாயைப் பார்த்தேன். முன்பக்கம் முளைத்த இரண்டு பல்லைச் சுற்றி ஈறு ஊதா நிறமாக வீங்கி, தொட்டதும் ரத்தம் கசிந்தது. பெற்றவள் நான். தினம் நாலு வேளை அந்த வாயில் பால் ஊற்றுகிறவள் நான். பார்த்தவள் அவள். முந்தானையால் அந்த ரத்தத்தை ஒற்றினேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும், இவள் எப்போது என் பிள்ளை வாயைத் திறந்து பார்த்தாள் என்று ஒரு எரிச்சல் வந்தது.

மறுநாள் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்கழி மாதம். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுந்தரம் கத்தினான். பிறகு கத்தத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் அகல விழித்தான். அது கத்தலைவிட மோசம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர் அம்மாள். அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் எட்ட நின்று, அவன் கால் வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்தார். பிறகு ஈறைப் பார்த்தார்.

"என்ன பால் கொடுக்கிறே?"

"டின் பாலுங்க. சுத்தமா, கொதிக்கவெச்சு."

"பழம், காய்கறித் தண்ணி ஏதாவது?"

"அய்யோ, அதெல்லாம் குடுக்கறதே இல்லீங்க. சளி புடிச்சுக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார். இந்த நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர் சொன்னார் (புதிதான பழம், காய், தாய்ப்பால் எதுவும் உடம்பில் சேராததால் ஈறிலும் எலும்பைச் சுற்றியும் ரத்தம் கசிகிற நோய்). தொடை எலும்புக்கு மேலே இருக்கிற மெல்லிய சவ்வுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, அதனால்தான் தொட்டால் உயிர் போகிறது என்றார். பட்டைத்தண்ணீரில் வைத்துக் காலை நீவியதை என் வீட்டுக்காரர் சொன்னார். டாக்டர் அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். தலை குனிந்த மனுஷன் அன்று முழுக்க நிமிரவில்லை.

"பிழைப்பானாம்மா?" என்று கேட்டேன்.

"சீக்கிரம் செய்தா பிழைப்பான். நடக்கவும் செய்வான். நாள் கடத்தினா நெஞ்சு தாங்காது. ஆரஞ்சுப் பழச் சாறு பிழிஞ்சு, பச்சையா, ஒரு நாளைக்கு நாலு தடவை கொடு. கிடைக்காட்டி எலுமிச்சை, இல்லாட்டி தக்காளி. டின் பாலை நிறுத்தணும். வீட்டுல பால் கொடுக்கிற தாய் வேற யாராவது இருக்காங்களா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலை குனிந்தபடியே இருந்தார்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

பிள்ளை சாகக் கிடக்கிறது, நான் பொய் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெளிவாக ஒரு கணக்கு இருந்தது. பழம்தான் மருந்து என்றால் பழத்தாலேயே காப்பாற்றிவிடலாம். என் கையால் காப்பாற்றிவிடலாம். அவள் எதற்கு?

பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பாய் பழக்கடை வைத்திருந்தார். நாலு தலைமுறையாகப் பழ வியாபாரம் என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றதும் அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"இது கமலா ஆரஞ்சும்மா, நாக்பூர் மால். ரயில்ல மூணு நாள் வருது. தோலு லூசா இருக்கும், கையோட வந்துடும். இது சாத்துக்குடி, கடப்பா பக்கம். தோலு ஒட்டிக்கும், சாறு ஜாஸ்தி, புளிப்பு கம்மி. எலுமிச்சை நம்ம குடியாத்தம் பக்கத்துத் தோட்டம். இது ஊட்டித் தக்காளி. இந்த நெல்லி அமிர்தி காட்டுலேர்ந்து மலைக்காரப் பொம்பளைங்க கூடையில கொண்டாறது."

"அது?" என்று மேல்தட்டைக் காட்டினேன். பஞ்சுக்குள் புதைத்துவைத்த சிவப்புப் பழங்கள்.

"அது மாதுளை. காபூல்! அங்கேர்ந்து பெஷாவர் வரைக்கும் ஒட்டகத்துல வந்து, அப்புறம் ரயிலு. பெரிய பெரிய ஷாப்பு மொதலாளிங்க வீட்டுல சீக்குன்னா இதான் வாங்குவாங்க. ஆனா டாக்டரம்மா கமலான்னு சொன்னா கமலா வாங்கிக்கம்மா, எதுக்குப் பேஜாரு?"

எனக்குக் காதில் விழுந்தது "முதலாளி வீடு" மட்டும்தான். ஏழுமலை நாக்பூர் ஆரஞ்சைச் சப்பியிருக்கிறான். குப்பம்மாள் ஒரு தடவை சந்தையிலிருந்து வாங்கிவந்து ஒரு சுளையை அவன் கையில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நெல்லிக்காயோ வீட்டில் கூடைகூடையாகக் கிடக்கும், அவள் உப்புத் தொட்டுத் தொட்டுத் தின்பாள். அவள் பிள்ளை குடித்தே இருக்காத ஒன்றை என் பிள்ளை குடிக்கட்டும். மாதுளைதான் வேண்டும் என்று நின்றேன். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் வீட்டார் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. அங்கே மாதுளை முத்துகளைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். ரத்தச் சிவப்பாக அரை டம்ளர் வந்தது. பச்சையாகக் கொடு என்று டாக்டர் அம்மாள் சொன்னது நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் வெளியே பனி. ஏழு மாதமாக இந்தப் பிள்ளையின் வாயில் கொதிக்காத எதுவும் போனதில்லை. பச்சைச் சாறு இறங்கி ஜன்னி கண்டால் யார் பதில் சொல்வது? அந்த அம்மாளுக்குப் பிள்ளை இருக்கிறதா என்ன, என்று வேறு மனசுக்குள் ஒரு கேள்வி. சட்டியை அடுப்பில் வைத்தேன். இரண்டு கொதி வரவிட்டு, சர்க்கரை போட்டு, ஆற்றி, பாலாடையில் எடுத்துப்போனேன்.

இப்படி நாலு நாள் கொடுத்தேன், இடையிடையே பசிக்குக் காய்ச்சிய பசும்பாலும். சுந்தரம் இனிப்புக்காக நக்கிக் குடித்தான். குடிக்கிறான், தேறிவிடுவான் என்று நம்பினேன். நாலாம் நாள் அவன் மூத்திரத் துணியில் ரத்தம் பார்த்தேன். வலது கண்ணின் இமை கறுத்து வீங்கியிருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை.

டாக்டர் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "சாறு கொடுத்தியா?" என்றார்.

"குடுத்தேங்க. நாலு வேளையும் குடுத்தேங்க."

"எங்கே, காட்டு."

நான் சட்டியைக் கொண்டுவந்தேன். அடியில் கரி பிடித்த சட்டி. அவர் அதை முகர்ந்தார். அவர் முகம் சுருங்கியது.

"இதைக் காய்ச்சினியா? அதுவும் மாதுளையையா? எதைச் சொன்னேன், எதைச் செய்திருக்கே! மாதுளையில அந்தச் சத்து ரொம்பக் கொஞ்சம்மா. இருந்த கொஞ்சத்தையும் அடுப்பில வெச்சுக் கொன்னுட்டே. டின் பால்ல இல்லாமப் போனதும் இப்படித்தான். தொழிற்சாலையில காய்ச்சிக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறான், நீ மறுபடியும் கொதிக்கிற தண்ணியில கரைக்கிறே. இந்தப் பிள்ளை இத்தனை மாசமா ருசியைத்தான் குடிச்சிருக்கான்."

அவரே ஒரு கமலா ஆரஞ்சை உரித்துப் பிழிந்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். புளிப்பு புண்ணில் பட்டு அவன் துடித்தான். பாதி வெளியே வந்துவிட்டது. தண்ணீர் கலந்து பார்த்தார். அதையும் துப்பினான்.

"வாய்ப் புண் கொஞ்சம் அடங்கணும். அதுவரைக்கும் அந்தச் சத்து ஏதாவது வழியில உள்ளே இறங்கணுமே. தாய்ப்பால் இருந்தா ரெண்டையும் மாத்தி மாத்திக் கொடுத்துச் சமாளிச்சிருக்கலாம்" என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"இருக்குதுங்க" என்றேன். "எங்க வீட்டுலயே இருக்குதுங்க. எங்க ஓரகத்தி."

"அன்னைக்குக் கேட்டேனே, யாரும் இல்லைன்னு சொன்னியே."

"ஆமாங்க."

"ஏன் அப்படிச் சொன்னே?"

வேறு பொய் தேடினேன். கிடைக்கவில்லை. "பொறாமைங்க" என்றேன்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கழுத்திலிருந்த குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அதுக்கு என்கிட்ட மருந்து இல்லையே அம்மா. போய் அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

என் வீட்டுக்காரர் அடுத்த ரயிலைப் பிடித்துப் போனார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் குப்பம்மாள் வந்துவிட்டாள். இடுப்பில் ஏழுமலை, தோளில் ஒரு துணி மூட்டை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நான் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஏழுமலையை என் மடியில் போட்டாள். "இவனப் புடி" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து சுந்தரத்தைப் பாய் சுருட்டுகிற மாதிரி அள்ளினாள்.

முதலில் அவன் வாயை மூடிக்கொண்டான். ஈறு வலி. அவள் ஒரு அவசரமும் படவில்லை. பாலைப் பீய்ச்சி அவன் உதட்டில் தடவினாள். நாக்கு வந்தது. மறுபடியும் தடவினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவன் பிடித்துக்கொண்டான்.

என் மார்பு வற்றி ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் உறிஞ்சும் சத்தம் கேட்டதும் அந்த வற்றிய மார்பில் சுரீர் என்றது. சந்தோஷம் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் பிழைக்கிறான் என்று தெரிந்தது, அவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. என் மடியில் ஏழுமலை கனமாக உட்கார்ந்து என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா லோகு, மொறைக்கிற?" என்றாள் அவள், தலை நிமிராமலே.

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியாதா? தா பாரு, நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நீ மாடத்துல டின்ன அடுக்கி வெப்பியே, அதப் பாத்து நான் எவ்ளோ அழுதிருக்கேன் தெரியுமா? உம் புள்ள கொழுக்கட்டையாட்டம் இருந்தான். எம் புள்ள நோஞ்சான். எங்க வீட்டுக்காருகிட்ட ஒரே ஒரு டின்னு வாங்கியான்னு சண்ட போட்டேன். வாங்கித் தரல. நீ காலி பண்ணி வெச்ச டின்ன விரலால வழிச்சி ஏழுமலை வாயில வெச்சிருக்கேன். திருட்டுக் கழுத மாதிரி."

என்னைப் பார்த்து இவளுக்குப் பொறாமையா? எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. அதற்குள் ஏழுமலை என் மடியை நனைத்துவிட்டான்.

அடுத்த நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. அவள் பால், பிறகு என் கையால் ஆரஞ்சுச் சாறு, பச்சையாக. முதலில் பத்துச் சொட்டு. அன்று சாயங்காலம் பாலாடையில் கால் பங்கு. மறுநாள் பாதி. நான் பிழிந்தேன், அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் துணியில் ரத்தம் குறைந்தது. மூன்றாம் நாள் அவன் முனகாமல் தூங்கினான். ஐந்தாம் நாள் துணி மாற்றும்போது என் விரல் தவறி அவன் தொடையில் பட்டுவிட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே இன்னொரு தடவை தொட்டேன். அப்போதும் அழவில்லை.

ஒரு நாள் குப்பம்மாள் மூட்டையிலிருந்து நெல்லிக்காயை எடுத்து உப்போடு கடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் அம்மாள் வந்தார். அவள் வெட்கப்பட்டு மறைத்தாள்.

"மறைக்காதே, நல்லாத் தின்னு" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "உன் பிள்ளை குடிக்கிற பால்ல இருக்கிற சத்து எங்கேயிருந்து வருதுன்னு நினைக்கிறே? இதோ, இந்தக் காயிலேர்ந்து. அவங்க தின்கிற எலுமிச்சை, முருங்கைக்கீரை, இதெல்லாம்தான் பாலா இறங்குது. ஆரஞ்சைவிட இந்த நெல்லியில சத்து எத்தனையோ மடங்கு. காபூல் வரைக்கும் போகவே வேண்டாம்."

அந்த நெல்லிக்காய் என் வீட்டுக்காரர் எனக்காக வாங்கிவருவது. பல் கூசும் என்று நான்தான் கூடையோடு அவள் பக்கம் தள்ளிவிடுவேன். நான் தள்ளியதை அவள் தின்று, அவள் தின்றது என் பிள்ளைக்குப் பாலாகி வந்துகொண்டிருக்கிறது. இதில் எது அவளுடையது, எது என்னுடையது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

உடம்பைப் பற்றியும் அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஒரு தடவை வளர்ந்துவிட்டால் உடம்பு அப்படியே நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். மூன்று மடிப்பு தொடை என்றால் அது இனி போகாது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஈறும் எலும்பும் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படுகின்றன. அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு உள்ளே போக வேண்டும். நேற்றுக் கொடுத்ததைச் சொல்லி இன்றைக்கு ஏமாற்ற முடியாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கமலாவோ சாத்துக்குடியோ எது கிடைக்கிறதோ அதைக் கழுவி, சுத்தமான கையால் பிழிந்து, வடிகட்டி, அப்போதே கொடுங்கள். பிழிந்து மூடிவைத்து மறுவேளைக்குக் கொடுக்காதீர்கள். எலுமிச்சை என்றால் ஆறவைத்த வெந்நீரில் சில சொட்டு போதும். தண்ணீரைக் காய்ச்சலாம், சாற்றைக் காய்ச்சாதீர்கள். கோடையில் ஆரஞ்சு வராது, அப்போது தக்காளி பார்த்துக்கொள்ளும். நெல்லி தை முடிந்தால் அருமையாகிவிடும், துவர்ப்பும் அதிகம், ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்குத் தேனில் குழைத்து ஒரு நக்கு போதும். மாதுளை நல்ல பழம்தான். வாய்க்கு ருசி, வயிற்றுக்கு இதம். ஆனால் இந்த நோய்க்கு அதை நம்பி உட்காராதீர்கள். பெரிய மனிதர் வீட்டுப் பழம் என்று என்னைப் போல ஏமாறாதீர்கள். வீட்டிலேயோ பக்கத்திலேயோ பால் கொடுக்கிற பெண் யாராவது உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க முன்வந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு சரி என்று சொல்லுங்கள். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் சுந்தரத்தின் காலைத் தொடுவதில்லை. தொடச் சொன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "எங் கைக்குத் தோலுதான் தெரியும் லோகு" என்று ஒரு தடவை சொன்னார். பல மாதம் கழித்துத்தான் அவனாக அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான்.

குப்பம்மாள் தொடர்ந்து இருவருக்கும் பால் கொடுத்தாள். நான் சாறு பிழிந்தேன், இருவருக்கும்தான். எங்களுக்குள் சண்டை நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். குழம்பில் உப்பு, கிணற்றடியில் முறை, எல்லாவற்றுக்கும் வாய்ச்சண்டை உண்டு. அவன் தூக்கத்தில் அவள் முந்தானையைத் தேடிக் கையை நீட்டும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு தடவைகூட இல்லாமல் இருந்ததில்லை.

சித்திரை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். கூடத்தில் நான் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர்ச்சுவர் ஓரம் குப்பம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுந்தரம் நடுவில் தூணைப் பிடித்து நின்றிருந்தான். கடந்த ஒரு மாதமாக அவன் அப்படித்தான், பிடித்து நிற்பான், விடமாட்டான். திடீரென்று தூணை விட்டான்.

ஓர் அடி. வலது கால் கொஞ்சம் உள்பக்கம் மடங்கியது, பிறகு நிமிர்ந்தது. இரண்டு. மூன்று, நான்கு. முட்டி நடுங்குகிறது, ஆனால் தாங்குகிறது. ஐந்து. பாதம் முழுவதும் தரையில் படுகிறது. ஆறு. ஏழு. அப்படியே முன்பக்கம் விழுந்து ஒரு மடியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா லோகு" என்று சிரித்தாள் குப்பம்மாள். "எங்கிட்ட வந்துட்டானேன்னு வயிறு எரியுதா?"

அதுவரை அவன் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் நிமிர்ந்து, அவன் யாரிடம் போயிருக்கிறான் என்று பார்த்தேன்.